கோலிக் கொத்தனாரின் முதல் மழை

அந்தத் தீவில் கடைசியாக மழை பெய்தபோது கோலிக் கொத்தனார் அங்கே இல்லை. தையல்காரியைக் கல்யாணம் செய்துகொண்டு அவர் படகில் வந்து இறங்கியது அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான். ஆக, மழை போய்ப் பதினோரு வருஷம், கொத்தனார் வந்து ஒன்பது வருஷம். சிலர் பன்னிரண்டு என்பார்கள், பத்து என்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டாம். பதினொன்று, ஒன்பது. அவ்வளவுதான்.

தீவு என்றால் பெரிய தீவு இல்லை. கிழக்குக் கரையில் ஒருவர் தும்மினால் மேற்குக் கரையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். நூறு வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு படகுத்துறை, ஒரு முடிவெட்டும் கடை, இரண்டு மளிகைக்கடை. குடிதண்ணீர் வாரத்துக்கு இரண்டு தடவை படகில் வரும். அதைத் துறையில் நின்று வீடு வீடாக அளந்து ஊற்றுகிறவர் தையல்காரியின் அப்பா. ஊருக்கெல்லாம் அவர் தண்ணிக்காரர், கொத்தனாருக்கு மாமனார். அவர் கையில் இருக்கும் வாளி ஒரு சொட்டு கூடவும் சாயாது, குறையவும் சாயாது. நாக்கு அப்படி இல்லை. அது தாராளமாகச் சாயும்.

கொத்தனார் வருவதற்கு முன்னால் அங்கே எல்லா வீட்டுக்கும் தகரக் கூரைதான். உப்புக்காற்று தகரத்தைக் கரையான் மாதிரி தின்றுவிடும். இவர் வந்து ஒவ்வொரு வீடாகத் தளம் போட ஆரம்பித்தார். ஒன்பது வருஷத்தில் நாற்பத்தொரு தளம். ஒவ்வொன்றையும் முடித்து இறங்கும்போது பூச்சுக் கரண்டியைத் துடைத்துக்கொண்டு ஒரே வசனத்தைச் சொல்வார்.

"ஒரு சொட்டு ஒழுகாது. ஒழுகினா இந்தக் கரண்டியைக் கடல்ல வீசிட்டு வந்த படகுலயே போயிடறேன்."

இதைக் கேட்டு அதிகம் சிரித்தவர் முடிவெட்டுகிறவர். "மழையே பெய்யாத ஊர்ல ஒழுகாதுன்னு சத்தியம் பண்ண என்ன தைரியம் வேணும்? நானும் பண்றேன். என் கடையில வெட்டின தலையை யானை மிதிச்சாலும் கிராப்பு கலையாது!"

வெளியே கொத்தனாரும் சேர்ந்து சிரிப்பார். உள்ளுக்குள் சிரிப்பு வராது. காரணம் உண்டு. மற்ற ஊர்களில் தளம் போட்டதும் அதன்மேல் ஓரத்தில் மண் அணை கட்டி, ஒரு பகல் ஒரு ராத்திரி தண்ணீர் தேக்கிப் பார்ப்பார்கள். கீழே ஈரம் தெரியாவிட்டால் தளம் பாஸ். இந்தத் தீவில் குடிக்கிற தண்ணீரைக் கொண்டுபோய் மொட்டைமாடியில் கொட்டினால் ஊர் சும்மா விடுமா? தளம் காயாமல் இருக்க நனைத்துப் போடும் சாக்குக்கே மாமனாரிடம் மல்லுக்கட்ட வேண்டும். அதனால் கொத்தனார் தானாகவே ஒரு பரீட்சை கண்டுபிடித்துக்கொண்டார். சட்டைப்பையில் ஒரு பச்சைக் கோலிக்குண்டு வைத்திருப்பார். தளத்தின் உயரமான மூலையில் அதை வைத்துக் கையை எடுப்பார். கோலி தானாக உருண்டு, எதிர் மூலையில் இருக்கும் தூம்புக்குள், அதாவது மாடித் தண்ணீர் தெருவுக்கு இறங்கும் அந்த ஓட்டைக்குள் போய் விழ வேண்டும். விழுந்தால் வாட்டம் சரி. தண்ணீரும் அப்படியே போய்விடும். கோலிக் கொத்தனார் என்ற பெயர் இப்படி வந்ததுதான். சின்ன வயதில் கோலி விளையாட்டில் கெட்டிக்காரர் என்று சொல்வதெல்லாம் கட்டுக்கதை.

தூம்பைப் பற்றி ஊரில் ஒரு புகார் மட்டும் உண்டு. கடல்காற்று அதற்குள் புகுந்து ராத்திரியெல்லாம் ஊளையிடும். அதற்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் செய்துகொண்டார்கள். கொத்தனார் முதலில் கத்திப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார், பிறகு மறந்தே போனார். இந்த மறதி பின்னால் வேலை காட்டும்.

இப்போது அவர் ஊரிடம் மறைத்த விஷயத்துக்கு வருவோம். நாற்பத்தொன்றில் முதல் தளம் மாமனார் வீட்டுத் தளம். கல்யாணமாகி இரண்டாம் மாதம். ஊரே கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறது. கொத்தனார் கோலியை உருட்டினார். அது குடுகுடுவென்று ஓடி, தூம்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான். கைப்பிடிச்சுவர் மறைப்பதால் கீழே இருப்பவர்களுக்குக் கால் தெரியாது. கால் பெருவிரலால் லேசாக ஒரு தட்டு. கோலி தூம்புக்குள் விழுந்து தெருவில் வந்து குதித்தது. ஊர் கை தட்டியது. அவரும் வசனத்தைச் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள், மாமனார் துறைக்குப் போயிருந்த உச்சிவெயிலில், கொத்தனார் திருட்டுத்தனமாக மாடி ஏறி அந்த ஒரு சாண் இடத்தைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினார். கோலி இப்போது ஒழுங்காக உருண்டது. ஆனால் யாரிடம் சொல்வது? சரிசெய்தேன் என்று சொன்னால் தப்புச் செய்தேன் என்றும் சொல்ல வேண்டுமே. மனைவியிடம் மட்டும் ஒருநாள் சொன்னார். அவள் வாயில் வைத்திருந்த குண்டூசியெல்லாம் சிதறும்படி சிரித்தாள். அவருக்கோ பயம் போகவில்லை. பழைய பூச்சும் புதுப்பூச்சும் சேர்கிற இடம்தான் முதலில் விரிசல் விடும். ஒழுகினால் அங்கேதான் ஒழுகும்.

இதில் கொடுமை என்னவென்றால், கோலி உருட்டிய அடுத்த நாளே மாமனார் ஒரு பித்தளை அண்டாவைக் கொண்டுவந்து, கூடத்தில் சரியாக அந்த மூலைக்கு நேர் கீழே வைத்தார்.

"எதுக்கு மாமா இது?"

"சும்மாத்தான் மாப்பிள்ளை. என்னைக்காவது மழை வரும். அப்ப பேசிக்கலாம்."

ஒன்பது வருஷம் அந்த அண்டா அங்கேயே இருந்தது. ஒன்பது வருஷமும் மாமனார் அவரைக் கொத்தனார் என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. எதிரில் மாப்பிள்ளை. வெளியில் கேட்டால், "நம்ம வீட்ல கோலி விளையாடுறாரே, அவரா?"

அந்த நாள் காலை ஒன்பதரை மணி. கொத்தனார் முடிவெட்டும் கடை நாற்காலியில், கழுத்தில் வெள்ளைத்துணி கட்டி உட்கார்ந்திருந்தார். அந்தக் கடைக்கு அடுத்த வீடுதான் மாமனார் வீடு. வடக்கே கறுத்துக் கிடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஏதோ பெரிய கப்பலின் புகை என்று நினைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். முடிவெட்டுகிறவர் இடது பக்கம் முடித்து வலது பக்கத்துக்கு வந்தபோது, வாசலில் சொத்சொத்தென்று சத்தம். தெருப்புழுதியில் பெரிய பெரிய ஈரப்பொட்டுகள்.

முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலோடு வாசலுக்குப் பாய்ந்தார். "யாருய்யா அது மாடியில இருந்து தண்ணியைக் கொட்டுறது? திமிரா? தண்ணிக்காரர்கிட்ட சொல்லட்டுமா?"

மாடியில் யாரும் இல்லை. எதிர்வரிசையிலும் அதே பொட்டு, பள்ளிக்கூடத்து வாசலிலும் அதே பொட்டு. அவர் மெதுவாக அண்ணாந்தார். மூக்கின்மேல் ஒன்று வந்து விழுந்தது. அதை நாக்கால் நக்கிப் பார்த்துவிட்டுக் கடைக்குள் திரும்பினார். முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது.

"கொத்தனாரே, உப்பு இல்லை! மழைய்யா இது!"

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நடந்ததைச் சொல்லி முடியாது. பள்ளிக்கூடத்துக் கதவு திறந்து பிள்ளைகள் கொட்டினார்கள். அவர்களில் பாதிப்பேர் மழையைப் பார்த்ததே இல்லை. ஒருத்தி, "டீச்சர், இதை எப்ப நிறுத்துவாங்க?" என்று கேட்டாள். டீச்சருக்குப் பதில் சொல்ல நேரமில்லை, அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்துக்கொண்டிருந்தாள். கொடியில் காய்ந்த துணியை எடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு மளிகைக்கடைக்காரர்களும் ஆறு வருஷமாகப் பேசாதவர்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தெருவுக்கு வந்து, "பெய்யுது பார்த்தீங்களா?" "ஆமாங்க, பெய்யுது" என்று பேசிக்கொண்டார்கள். ஊரிலேயே ஒரே ஒரு குடை நர்ஸம்மாவிடம் இருந்தது, வெயிலுக்கு வாங்கியது. அவள் அதைத் தலைகீழாக விரித்துத் தண்ணீர் பிடித்தாள்.

கொத்தனார் மட்டும் நாற்காலியிலேயே இருந்தார். ஒரு பக்கம் ஒட்ட வெட்டிய தலை, ஒரு பக்கம் காடு. மேலே அடிக்கிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். அது நாற்பத்தொரு தளத்தின்மேலும் விழுகிற சத்தம்.

"என்ன உட்கார்ந்துட்டீங்க? கரண்டி எங்க?" என்றார் முடிவெட்டுகிறவர்.

கொத்தனார் எழுந்தார், ஓடினார். கழுத்துத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. நியாயமாக அடுத்த வீட்டுக்குத்தானே போக வேண்டும்? போகவில்லை. அதற்கு நேர் எதிர்த்திசையில் ஓடினார். பயந்தவன் கால் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்குத் தெரியாது?

முதலில் டீச்சர் வீடு. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். தளம் வெள்ளைவெளேரென்று காய்ந்து கிடந்தது. கையை நீட்டிச் சுவரைத் தடவினார். பவுடர் மாதிரி காய்ந்த சுண்ணாம்பு கையில் ஒட்டியது. அடுத்து ரொட்டிக்கடை. மாவு மூட்டைகள் அடுக்கியிருக்கும் உள்ளறை, பொட்டு ஈரம் இல்லை. ரொட்டிக்காரர் அடுப்புக்கு முன்னால் நின்று, "என்ன கொத்தனாரே, பாதித் தலையோட?" என்றார். "அப்புறம் சொல்றேன்" என்று ஓடினார். நர்ஸம்மா வீடு, வலைக்காரர் வீடு, இரண்டு மளிகைக்கடை, பள்ளிக்கூடம். எங்கேயும் ஒரு சொட்டு இல்லை. பத்துப் பன்னிரண்டு வீடு ஆனதும் அவர் ஓட்டம் நடையாகி, நடை நெஞ்சை நிமிர்த்திய நடையாகி, கழுத்துத்துணி ராஜா போர்த்தும் பட்டு மாதிரி பின்னால் பறந்தது.

வலைக்காரர் மனைவி வாசலில் ஒன்பது பாத்திரம் வரிசையாக வைத்திருந்தாள். "கொத்தனாரே, இவ்வளவு பெய்யுது, மாடித் தண்ணி ஒண்ணும் கீழ வரலையே? எங்க போகுது?"

"உள்ள வரலைல்ல? அதைப் பாருங்க!" என்றார் கொத்தனார். அவர் காதில் அந்தக் கேள்வி விழுந்தது, மண்டையில் விழவில்லை. கொத்து வேலைக்காரராக இருந்தும் அண்ணாந்து உள்பக்கம் மட்டுமே பார்த்தார், வெளியே தூம்பைப் பார்க்கவில்லை. சந்தோஷம் வந்தால் மனுஷனுக்கு அப்படித்தான்.

அப்போது தையல்காரி நனைந்துகொண்டே வந்தாள். தலையில் ஒரு தையல் பையைக் கவிழ்த்திருந்தாள்.

"ஏங்க, ஊரையெல்லாம் சுத்திட்டீங்க. அப்பா வீட்டுக்குப் போனீங்களா?"

"போகணும்."

"எப்ப? அடுத்த மழைக்கா?" அவள் அவர் கையைப் பிடித்தாள். "அப்பா கூப்பிடறார். அண்டாவுக்கு முன்னாடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கார். வாங்க, நானும் வரேன். ஒழுகினா ஒழுகட்டும். படகுல போறதுன்னா எனக்கும் சேர்த்து இடம் போடுங்க."

மாமனார் வீட்டுக் கூடம் இருட்டிக் கிடந்தது. ஒரு மூலையில் மாடிப்படி, அதன் ஓரத்தில் அண்டா, அண்டாவுக்கு எதிரே நாற்காலி, நாற்காலியில் தண்ணிக்காரர். கை இரண்டையும் முழங்கால்மேல் வைத்து, படகு வரக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மருமகனைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார்.

"வாங்க மாப்பிள்ளை. தலை என்ன, பாதிதான் பெய்ஞ்சுதா?"

கொத்தனார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அண்டா பேசிவிட்டது.

டங்.

மறுபடியும் டங். அண்டாவின் அடியில், ஒன்பது வருஷத் தூசியின்மேல், பளிச்சென்று இரண்டு சொட்டு. கொத்தனார் இடுப்பில் செருகியிருந்த கரண்டியை உருவினார். அதன் மரப்பிடி அவர் கைக்குத் தேய்ந்து கைவிரலின் வடிவத்துக்கே வந்துவிட்டிருந்தது. கடல் அங்கேயிருந்து எண்பதடிகூட இருக்காது. அவர் திரும்பி வாசலைப் பார்த்தார்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் தையல்காரி. ஊசியில் நூல் கோக்கிற கண் அவளுடையது. அண்ணாந்து பார்த்தாள், கண்ணைச் சுருக்கினாள். "தளம் காய்ஞ்சு கிடக்கு. சொட்டு தளத்துல இருந்து வரலை. படியில இருந்து வருது."

உண்மைதான். மாடிப்படியின் மேல்படி ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு, நீண்டு, அண்டாவுக்குள் விழுந்தது. கொத்தனார் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். மாடிக்கதவின் அடியில் தண்ணீர் நெளிந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

மொட்டைமாடி குளமாகியிருந்தது. கணுக்கால் முழுகும் அளவுக்குத் தண்ணீர். ஒரு செருப்பு அதில் படகு மாதிரி மிதந்துகொண்டிருந்தது. கதவுக்கு முன்னால் அவர் கட்டிய ஒரு செங்கல் உயரத் தடுப்பையும் தாண்டிவிட்டதால்தான் தண்ணீர் படியில் இறங்கியது. ஒரு பகல் ஒரு ராத்திரி தேக்கிப் பார்க்க வேண்டிய தண்ணீர் தானாகவே தேங்கி நின்றது. கீழே தளம் காய்ந்து கிடக்கிறது! அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தண்ணீரில் இறங்கி, தூம்பு மூலைக்குப் போய், கையை உள்ளே விட்டார். ஏதோ துணி. கெட்டியாக அடைத்திருந்தது. காலைச் சுவரில் ஊன்றி ஒரு இழு இழுத்தார்.

சளக்கென்று அது கையோடு வந்தது. தண்ணீர் ஓவென்று கத்திக்கொண்டு தூம்புக்குள் பாய்ந்தது. கொத்தனார் கையில் இருந்ததை விரித்துப் பார்த்தார். காக்கி அரைக்கால் சட்டை.

மாமனாரும் பின்னாலேயே ஏறி வந்திருந்தார். அதைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு! அடுத்த மாடியில் குடம் வைக்க ஏறிய முடிவெட்டுகிறவர் கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அது அந்தச் சட்டைதானே? கொடியில இருந்து நான் திருடிட்டேன்னு நாலு வருஷமா ஊரெல்லாம் சொன்னீங்களே, அந்தச் சட்டைதானே தண்ணிக்காரரே?"

"அது... காத்து ரொம்ப ஊளையிட்டுச்சு. தூக்கம் வரலை. கைக்குக் கிடைச்சதை அடைச்சேன்" என்றார் மாமனார். அவர் வாயில் வார்த்தை தடுமாறியதை அன்றுதான் ஊர் கேட்டது. "மறந்துட்டேன்ப்பா."

"மறந்துட்டீங்களா! இந்த நாலு வருஷத்துல நீங்க ஒரு தடவைகூட என்கிட்ட முடிவெட்ட வரலை. உங்க மகள்தான் துணி வெட்டுற கத்தரியால உங்களுக்கு வெட்டினா. கண்ணாடியில பார்த்தீங்களா எப்பவாவது?"

கொத்தனாருக்கு அப்போதுதான் வலைக்காரர் மனைவி கேட்டது மண்டையில் விழுந்தது. தெருவைப் பார்த்தார். இந்த வீட்டுத் தூம்பைத் தவிர ஒரு தூம்பிலும் தண்ணீர் இல்லை. நாற்பது மாடியிலும் நாற்பது குளம்.

"தூம்பைப் பிடுங்குங்க!" என்று அவர் கைப்பிடிச்சுவரில் ஏறி நின்று கத்தினார். "எல்லாரும் மாடிக்கு ஏறுங்க! அடைச்சதை இழுங்க!"

முடிவெட்டுகிறவர் அதைத் திருப்பிக் கத்தினார், ரொட்டிக்காரர் அதை வாங்கிக் கத்தினார். கொஞ்ச நேரத்தில் ஊரே மாடியில் இருந்தது. என்னவெல்லாம் வெளியே வந்தது தெரியுமா? தலையணை உறை, கிழிந்த வலை, ஒற்றைக் காலுறை, பள்ளிக்கூடத்துக் கரும்பலகை துடைக்கும் துணி, ஒரு முழுப் போர்வை. நர்ஸம்மா வீட்டுத் தூம்பில் பஞ்சும் கட்டுத்துணியும். ஒவ்வொன்றும் வெளியே வரும்போது ஒவ்வொரு தூம்பும் பிளிறியது. தெருவின் இரண்டு பக்கமும் நாற்பத்தொரு அருவி. பிள்ளைகள் ஒரு அருவியில் நனைந்து அடுத்த அருவிக்கு ஓடினார்கள். பெரியவர்களும் ஓடினார்கள். ரொட்டிக்காரர் ஒரு தூம்புக்கு நேராக நின்று தலைக்குச் சோப்பு போட்டார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக யாரும் அளக்காமல் குளித்தார். கண்ணில் சோப்பு போனதா, வேறு ஏதாவதா, அவர் கண் சிவந்திருந்தது.

மாமனார் வீட்டு மாடியில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. தூம்பை நோக்கி ஒரே சீராக ஓடியது, எந்த இடத்திலும் நிற்கவில்லை. அந்த ஒரு சாண் இடத்தையும் தாண்டி ஓடியது. கொத்தனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு திரும்பினார்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் கோலி இங்க நின்னுடுச்சு. நான்தான் காலால..."

"வலது கால்" என்றார் மாமனார். "பெருவிரல்."

"பார்த்தீங்களா?"

"துறையில தண்ணித் தொட்டி மேல நின்னுக்கிட்டிருந்தேன். அங்கேயிருந்து இந்த மாடி நல்லாத் தெரியும். உங்க வாயால சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சொல்லலை. அதான் அண்டாவை வச்சேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் குத்தட்டும்னு."

"குத்துச்சு மாமா. நல்லாவே குத்துச்சு. ஆனா மூணாம் நாளே கொத்தி எடுத்துட்டுப் புதுசாப் பூசிட்டேன். நீங்க துறைக்குப் போயிருந்தீங்க."

மாமனார் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். விரலால் தடவினார். "அப்ப ஒன்பது வருஷமா அது சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு."

"ஒன்பது வருஷமா ராத்திரி தண்ணி குடிக்க எழுந்திரிக்கிறப்ப எல்லாம் அந்த அண்டாவுல கால் இடிச்சுக்கிட்டேனே, அது வீணா?"

தையல்காரி படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று எழுந்தாள். "ஐயோ, என் மிஷின்!"

நாற்பத்தொரு தளம் என்று சொன்னேன் இல்லையா? நாற்பத்திரண்டாவது ஒன்று இருந்தது. கொத்தனாரின் சொந்த வீடு. நாலு வருஷமாக அதற்கு மேல்பூச்சு மட்டும் பாக்கி. சாக்கு நனைக்கத் தண்ணீர் கிடைக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு வீட்டுக்கு அவசரம் வரும். "நம்மளுது அடுத்த வாரம்" என்பார். அந்த வாரம் வரவே இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தால், உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது. தூம்பில் தப்பில்லை, யாரும் எதையும் அடைக்கவில்லை. சுத்தமான, நேர்மையான ஒழுக்கு. தையல் மிஷின்மேல் ஒன்று, கட்டில்மேல் ஒன்று, வெட்டி வைத்த துணிமேல் ஒன்று. இரண்டு பேரும் மிஷினைத் தூக்கி மேஜைக்கு அடியில் தள்ளினார்கள். கொத்தனார் சட்டி, குண்டான், டம்ளர் என்று கிடைத்ததையெல்லாம் வைத்தார். போதவில்லை.

அப்போது தெருவில் ஒரே சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தார்கள். மாமனார் வந்துகொண்டிருந்தார். பித்தளை அண்டாவைத் தலையில் கவிழ்த்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். மழை அதன்மேல் மேளம் கொட்டியது. பின்னால் பிள்ளைகள் ஊர்வலம். அதற்கும் பின்னால் முடிவெட்டுகிறவர், கையில் கத்தரிக்கோலும் சீப்பும்.

மாமனார் உள்ளே வந்து, அண்டாவைக் கழற்றி, சுற்றிப் பார்த்தார். எங்கே அதிகமாகச் சொட்டுகிறதென்று தண்ணீர் அளந்த கண்ணுக்கு உடனே தெரிந்துவிட்டது. கட்டிலை நகர்த்திவிட்டு அங்கே வைத்தார்.

டங், டங், டங்.

"கரண்டியை வீசணுமே?" என்றார் முடிவெட்டுகிறவர்.

"வீச வேண்டாம்" என்றாள் தையல்காரி. "இந்த வீட்டுக்கு அவர் சத்தியமே பண்ணலை. அடுத்த வாரம்னுதான் சொன்னார்."

மாமனார் நாற்காலியைத் தேடி, ஈரமில்லாத ஒரே இடத்தில் போட்டு உட்கார்ந்தார். அண்டா நிறைவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"கொத்தனாரே."

கொத்தனார் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று.

"உங்களைத்தான் கொத்தனாரே. மழை விட்டதும் இந்தத் தளத்தை முடிங்க. சாக்குக்கு எவ்வளவு தண்ணி வேணுமோ எடுத்துக்குங்க, நான் வாளி வச்சு அளக்க மாட்டேன். பூசி முடிச்சதும் கோலியெல்லாம் உருட்ட வேண்டாம். மத்த ஊர்ல செய்யற மாதிரி அணை கட்டி, ஒரு பகல் ஒரு ராத்திரி தண்ணி தேக்கிப் பாருங்க. தண்ணி நான் தரேன்."

கொத்தனார் கழுத்துத் துணியால் கண்ணைத் துடைத்தார். முடிவெட்டுகிறவர் அவர் தோளை அழுத்தி அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"அழறதுன்னா அப்புறம் அழுங்க. வலது பக்கம் இன்னும் பாக்கி இருக்கு. தலையை ஆட்டாதீங்க." பிறகு மாமனாரைப் பார்த்துச் சொன்னார், "நீங்களும் இருங்க தண்ணிக்காரரே. இவருக்கு அடுத்து நீங்கதான். நாலு வருஷத்துக் கிராப்பு, மெதுவாத்தான் வெட்டணும்."